கம்ப்யூட்டர் பர்ச்சேஸும் என் வயிற்றெரிச்சலும்

பர்ச்சேஸ் உத்தியோகம் என்பது முதலாளியின் காசுக்காக நாள் முழுக்கப் பேரம் பேசித் தொண்டை வற்றி, சாயங்காலம் தன் வீட்டுக்குக் கத்தரிக்காயைச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போகிற வேலை.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தினமும் பஸ்ஸில் போய்வருவேன். பஞ்சை முதலாளியே நேரில் பார்த்து வாங்குவார். மற்ற எல்லாம் எங்கள் பிரிவு. பேரிங், பெல்ட், கிரீஸ், பல்பு, கடைசியில் விளக்குமாறு வரைக்கும். பிரிவு என்றால் இரண்டே பேர். பர்ச்சேஸ் ஆபீசர் கோதண்டராம ராஜா, அவருக்கு அடுத்து நான். அவருடையது தேக்கு நாற்காலி, பிரம்புப் பின்னல், இரண்டு பக்கமும் கை. என்னுடையதற்குக் கை கிடையாது. அவர் ஓய்வு பெறும்போது அந்த நாற்காலி எனக்கு வரும் என்று நான் நம்பினேன். என் மனைவி நம்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமனார் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

அந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்த கதை இது. பக்கத்து மேஜைக்காரரின் சம்பளம் தெரிந்த அன்று சோறு இறங்காமல் எழுந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

ஒரே வாத்தியார்

எந்தப் பொருள் வாங்கினாலும் மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, குறைந்த விலைக்காரரிடம் வாங்க வேண்டும் என்பது ஆலையின் சட்டம். சட்டம் போட்டவர்களுக்கு ராஜபாளையத்துக் கடைத்தெரு தெரியாது. சில சாமான்களுக்கு அங்கே கடையே ஒன்றுதான் உண்டு. அது காஜா பாய் கடை. ஆகவே மூன்று கொட்டேஷனையும் காஜா பாயே கொடுத்துவிடுவார். ஒன்று தன் கடை லெட்டர்பேடில். மற்ற இரண்டும் அவர் மச்சான் பேரிலும் சித்தப்பா மகன் பேரிலும் அச்சடித்து வைத்திருந்த லெட்டர்பேடுகளில், கொஞ்சம் கூடுதல் விலை போட்டு. அந்தக் கம்பெனிகளுக்குக் கடை இல்லை, போர்டு இல்லை, தராசு இல்லை. லெட்டர்பேடு மட்டும் உண்டு. இது ஆபீசருக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சாமானும் நல்ல சாமான், விலையும் நியாயமான விலை. சட்டத்துக்கும் ஒரு மரியாதை கிடைத்தது.

நான் சேர்ந்த புதிதில், புது ஆள் முன்னால் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க நினைத்த ராஜா, மூன்று தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "என்ன பாய், மூணு கம்பெனிக்கும் ஒரே கையெழுத்தால்ல இருக்கு?" என்றார். காஜா பாய் அசரவில்லை. டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "மூணு பேருக்கும் வாத்தியார் ஒருத்தர்தான் சார். ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிச்சோம்."

குளிர்ந்த அறை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் போய் வந்த முதலாளி, அங்கே பெரிய ஆலைகளில் எல்லாம் கம்ப்யூட்டர்தான் சாமான் வாங்குகிறது என்று சொன்னார். எந்த பேரிங் எத்தனை இருக்கிறது, எப்போது தீரும், யாரிடம் என்ன விலை என்று அதுவே கணக்குப் பார்த்து ஆர்டரையும் அடித்துக் கொடுத்துவிடுமாம். ராஜா கேட்டுக்கொண்டார். நானும் கேட்டுக்கொண்டேன். இருவரும் அதை நம்பவில்லை. ஆறே வாரத்தில் ஸ்டோருக்குப் பக்கத்து அறையை வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி பொருத்தி, கம்ப்யூட்டரை இறக்கிவிட்டார்கள். அதுவரை ஆலையில் முதலாளி அறையில் மட்டும்தான் ஏசி இருந்தது. எங்கள் தலைக்கு மேல் இருந்த காற்றாடி, நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஓடும் சத்தத்துக்குப் போட்டியாகச் சத்தம் மட்டும் போடும். காற்று தராது.

கம்ப்யூட்டரை இயக்க எஸ்தர் வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். மதுரையில் தங்கிப் படித்தவள். நான் ஏறும் அதே பஸ்ஸில் ஏறி, அதே நிறுத்தத்தில் இறங்கி, நான் வேர்வையில் உட்காரப் போகும்போது அவள் குளிரில் உட்காரப் போவாள். சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில், ஏதோ விலை விசாரிக்கிற சாக்கில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் நின்றேன். "உனக்கென்னம்மா, ராணி மாதிரி இருக்கே. வந்த அன்னைக்கே ஏசி" என்றேன். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: "ஏசி மெஷினுக்கு வாங்குனது அண்ணாச்சி. நான் பக்கத்துல உக்காந்திருக்கதால வெளிய தள்ள முடியாம விட்டு வச்சிருக்காக."

பேர் கூப்பிடும் வரிசை

எங்கள் ஆலையில் ஒருவர் சம்பளத்தை இன்னொருவர் கேட்பது அநாகரிகம். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. காசாளர் பிச்சையா சம்பள நாளன்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து பேர் கூப்பிடுவார். யாருக்குச் சம்பளம் அதிகமோ அவர் பேர் முதலில். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. ஆக, யார் எம்புட்டு வாங்குகிறார் என்பது தெரியாது. யார் யாரை விட அதிகம் என்பது மட்டும் வாட்ச்மேன் உட்பட எல்லாருக்கும் தெரியும். எனக்கு முன்னால் கணக்குப்பிள்ளை, எனக்குப் பின்னால் டைம் ஆபீஸ் முருகேசன். நாலைந்து வருஷமாக மாறாத இடம். கணக்குப்பிள்ளை பேர் கேட்டதுமே என் கால் தானாக ஒரு எட்டு முன்னால் வைக்கும்.

எஸ்தரின் பயிற்சிக் காலம் முடிந்து முதல் முழுச் சம்பளம் வந்த நாள். கணக்குப்பிள்ளை போய்விட்டு வந்தார். என் கால் முன்னால் வைத்துவிட்டது. ஜன்னலுக்குள்ளிருந்து "எஸ்தர்" என்று குரல் வந்தது. வைத்த காலை என்ன செய்வது என்று தெரியாமல் செருப்பின் வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். பின்னால் முருகேசன் இருமினான். அது இருமலே இல்லை. வரிசை கலைந்த பிறகு ஜன்னலில் தலையை விட்டு, "என்ன பிச்சையாண்ணே, பேர் மாத்திக் கூப்பிட்டீகளோ?" என்று கேட்டேன். பிச்சையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கூப்பிடுதவன்தான் சீனி. வரிசைய மேல போடுதாக. வேணும்னா ஒன் பேரச் சத்தமாக் கூப்பிடுதேன், அம்புட்டுத்தான் என்னால முடியும்."

விளம்பரப் பக்கம்

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் செய்திகளைத் தினசரி ஒன்றுக்கு அவ்வப்போது எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதனால் பேப்பர் ஏஜென்ட் கடையில் எல்லாவற்றையும் ஓசியில் புரட்டலாம். தேர்த் திருவிழா, குடிநீர்ப் பிரச்சினை என்று என் செய்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு வேலை விளம்பரங்களுக்குப் போய்விடுவேன். 'கம்ப்யூட்டரில் கொள்முதல் செய்த அனுபவம் உள்ளவர் தேவை.' கோயம்புத்தூர்க்காரன் எங்கள் ஊரைப் போல ஒன்றரை மடங்கு தருவதாகச் சொல்வான். மெட்ராஸ்காரன் அதற்கு மேல். பெங்களூர்க்காரன் தொகையே போடமாட்டான், 'தகுதிக்கேற்ப' என்பான். அந்த 'தகுதிக்கேற்ப'தான் என்னை மிகவும் வதைத்தது. எழுதியிருந்தால் ஒரு தொகைக்கு மட்டும் பொறாமைப்பட்டிருப்பேன். எழுதாததால் எவ்வளவுக்கும் பொறாமைப்பட முடிந்தது. அதே பேரிங், அதே பெல்ட். பஸ் ஏறி வடக்கே போகப் போக அதை வாங்குகிறவனுக்குச் சம்பளம் ஏறுகிறது.

நானும் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். கீழே பால் சுண்டுகிற வாசனை, மேலே நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடிக்கிற சத்தம். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். என்னை "அங்கிள்" என்றார்கள். மூன்று மாதம் போனேன். கடைசி நாளன்று, சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, சொல்லிக்கொடுத்த பையனிடம் ரகசியமாகக் கேட்டேன்: "இத வச்சுக் கோயமுத்தூர்ல நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைக்குமா தம்பி?" அவன் சர்டிபிகேட்டையும் பார்த்தான், என் தலையில் நரையையும் பார்த்தான். "கிடைக்கும்னா நான் எதுக்கு சார் இந்த வெக்கையில உக்காந்து உங்களுக்குச் சொல்லித் தாரேன்?"

மச்சான் முதலாளி ஆன விதம்

எஸ்தர் வந்த பிறகும் மூன்று கொட்டேஷன் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. வந்த தாள்களை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். அது குறைந்த விலையைப் பார்த்து ஆர்டர் அடிக்கும். அதுவரை பிசகில்லை. ஒரு ரம்ஜான் மாதத்தில், நோன்புக் களைப்பில் எழுதினாரோ என்னவோ, காஜா பாய் விலைகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். உண்மையான விலை மச்சான் லெட்டர்பேடில், கூடுதல் விலை தன் கடை லெட்டர்பேடில். பழைய காலமாக இருந்தால் ராஜா சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பி எறிந்திருப்பார், பாய் அங்கேயே உட்கார்ந்து வேறு எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் ராஜா அந்த வாரம் அய்யனார் கோவிலில் ஏதோ வேண்டுதல் என்று லீவில் இருந்தார். தாள் நேரே குளிர்ந்த அறைக்குப் போய்விட்டது. உலகத்தில் இல்லாத கம்பெனிக்கு ஒரு வருஷத்துக்கான பெல்ட் ஆர்டர், 'அன்புடையீர்' என்று தொடங்கி அச்சாகி, முதலாளி கையெழுத்தும் ஆகி வெளியே வந்தது.

காஜா பாய் ஓடி வந்தார். பணம் இனிமேல் அந்தப் பேருக்குச் செக்காகத்தான் வரும். அந்தப் பேரில் பாங்கில் கணக்கே கிடையாது. எனக்கு உள்ளுக்குள் தேன் குடித்தது போல இருந்தது. கம்ப்யூட்டர் பர்ச்சேஸின் லட்சணம் இதுதான் என்று முதலாளியே பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். முதலாளி பார்த்தார். "பரவால்லயே, புது சப்ளையரப் பிடிச்சுக் கொண்டாந்திருச்சே!" என்று எஸ்தரைப் பாராட்டினார். ஆர்டரை ரத்து செய்யச் சொன்னால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல ராஜாவாலும் முடியாது, பாயாலும் முடியாது, என்னாலும் முடியாது. எனவே பாய் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, மச்சான் பேரில் போர்டு எழுதி, பாங்கில் கணக்குத் தொடங்கினார். அதுவரை வேலை வெட்டி இல்லாமல் சினிமா பார்த்துக்கொண்டிருந்த மச்சான் அங்கே கல்லாவில் உட்கார்ந்தான்.

அடுத்த வருஷம் பெல்ட் கொட்டேஷன் வந்தபோது பாயின் முகம் வெளுத்திருந்தது. டீ வேண்டாம் என்றார். "நேத்து வரைக்கும் சட்டைக்குப் பட்டன் இல்லாம திரிஞ்ச பய. இப்ப மதுரைக்கே நேராப் போயி சரக்கு எடுக்கான் தம்பி. எடுத்துட்டு, நெசமாவே என்னை விடக் கொறைச்சுப் போடுதான்!"

மாப்பிள்ளை வீட்டு விசாரணை

எஸ்தருக்கு வரன் பார்த்தார்கள். தளவாய்புரத்தில் உடுப்பு தைக்கிற யூனிட் வைத்திருந்த ஒருவர், மகனுக்காக விசாரிக்க ஆலைக்கே வந்துவிட்டார். ஒரே ஊர்க்காரன் என்று கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்து கேன்டீனில் உட்கார்ந்தார். பெண் எப்படி, குணம் எப்படி என்பதையெல்லாம் அவசரமாக முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "சம்பளம் எப்படி? இந்தக் கம்ப்யூட்டர் வேலை நெலைக்குமா? சர்ச்சுல சொன்னாக, இதுக்கு வெளியூர்ல நல்ல கிராக்கியாம்ல?"

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வயிறு எரிந்தது. கோயம்புத்தூரில் எவ்வளவு தருகிறார்கள், மெட்ராசில் எவ்வளவு, பெங்களூரில் எப்படி எழுதுவார்கள் என்று விளம்பரப் பக்கம் முழுவதையும் ஒப்பித்தேன். மனுஷர் காப்பியை ஆறவிட்டுக் கேட்டார். மகனுக்குப் பெண் கிடைத்த சந்தோஷத்தை விட, நல்ல மெஷின் சல்லிசாகக் கிடைத்த சந்தோஷம்தான் அவர் முகத்தில் தெரிந்தது. எழுந்து தோளில் துண்டைப் போட்டவர், மரியாதைக்கு என்னையும் நாலு வார்த்தை கேட்க நினைத்தார் போலிருக்கிறது. "இவ்வளவு வெவரம் தெரிஞ்சிருக்கே உங்களுக்கு. அப்போ நீங்க ஏன் சார் இன்னும் இங்கயே இருக்கீக?"

பஸ்ஸில் ஒரு தூது

அந்த வரன் அமையவில்லை. அதற்குப் பதில் கோயம்புத்தூர் அமைந்தது. அங்கே ஓர் ஆலையிலிருந்து எஸ்தரை இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள், எடுத்துக்கொண்டார்கள், மாதக் கடைசிக்குள் வரச் சொன்னார்கள். விஷயம் ஆலைக்குள் பரவிய அன்று மத்தியானம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் அவர் அறைக்குள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏமய்யா சீனி, அந்தப் பொண்ணு போறேங்குதாமே. இம்புட்டு செலவழிச்சு மெஷின வச்சுட்டு, இப்போ யாரத் தேடுறது? உங்க ஊர்ப் பொண்ணுதான? பக்குவமா எடுத்துச் சொல்லு. அடுத்த வருஷம் ராஜா ரிட்டையர் ஆகுறாரு. அந்த எடத்துக்கு அதைத்தான் நெனச்சு வச்சிருக்கேன்னு சொல்லு. நீ சொன்னா கேக்கும்."

நான் "சரிங்கய்யா" என்றேன். வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னார் என்பது முழுசாக மண்டையில் ஏறியது. தேக்கு நாற்காலி அவளுக்கு. அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை எனக்கு. ராஜா தன் இடத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அந்தப் பிரம்புப் பின்னல் எனக்கு அன்றைக்கு அழகாகத் தெரிந்தது போல என்றைக்கும் தெரிந்ததில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் கூட்டம். எஸ்தருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. நான் அவள் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் ஊரைத் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவில் போனதும் ஆரம்பித்தேன்.

"எஸ்தரு, மொதலாளி ஒன்னையப் போக வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு."

"சரி."

"இங்கயே இருந்தா நல்ல எதிர்காலம் இருக்குன்னு சொல்லச் சொன்னாரு."

"சரி."

"அடுத்த வருஷம் ராஜா சார் எடத்துக்கு ஒன்னையத்தான் நெனச்சு வச்சிருக்காராம்."

அவள் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "அது நீங்க காத்துக்கிட்டிருக்க எடம்லா?"

கண்டக்டர் என்னை இடித்துக்கொண்டு போனார்.

"நான் இருந்தா அந்த நாற்காலி எனக்கு. போனா உங்களுக்கு. அப்படித்தான அண்ணாச்சி?"

"அப்படித்தான்."

"மொதலாளி சொல்லச் சொன்னதச் சொல்லிட்டீக. நீங்க என்ன சொல்லுதீக?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: "போயிரு தாயி."

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரைக்கும் விட்டு விட்டுச் சிரித்தாள். கோபுரம் தெரிகிற திருப்பத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் சொன்னாள்: "நான் சேந்ததுல இருந்து எத்தனையோ கொட்டேஷன டைப் அடிச்சிட்டேன். உண்மையான கொட்டேஷன் இது ஒண்ணுதான் அண்ணாச்சி."

கிறிஸ்துமஸ் லீவில்

அவள் போனாள். கோயம்புத்தூரில் அவள் என்ன வாங்குகிறாள் என்பது எனக்கு எப்படியோ தெரிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். வயிற்றெரிச்சல்காரனுக்குச் செய்தி தானாக வந்து சேரும். அந்தத் தொகையை என் மனைவியிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவள் அதைப் பிறகு பல தடவை எனக்குச் சொன்னாள், பெரும்பாலும் சாப்பிடும்போது.

கிறிஸ்துமஸ் லீவில் பஸ் ஸ்டாண்டில் எஸ்தரைப் பார்த்தேன். நல்ல சேலை, நல்ல கைக்கடிகாரம், முகத்தில் மட்டும் கடுகடுப்பு. வேலை எப்படி என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டாள். அவளிடம் வேலை பழகிய பையன் ஒருவன் பெங்களூருக்குப் போய்விட்டானாம். அங்கே கொட்டேஷனெல்லாம் தாளில் வருவதே இல்லையாம், போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்து விழுகிறதாம். அவன் சம்பளம் இவளுடையதைப் போல இரண்டு மடங்காம். கம்பெனி கார் வந்து கூட்டிப் போகிறதாம். அவள் சொன்ன வேகமும், 'தகுதிக்கேற்ப' என்று போட்ட விளம்பரத்தை மனப்பாடமாக ஒப்பித்த விதமும் எனக்கு மிகவும் பழக்கமானவை. ஒரு நிமிஷம் கண்ணாடியில் என்னையே பார்ப்பது போல இருந்தது. "போகட்டும் விடும்மா, நீ நல்லாத்தான இருக்கே" என்று ஆறுதல் சொன்னேன். அவள் பால்கோவாப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டே சொன்னாள்: "நல்லா இருக்கேன் அண்ணாச்சி, யாரு இல்லைன்னா? அந்தப் பய என்னை விட நல்லா இருக்கதுதான் பொறுக்கல."

நாற்காலி

பங்குனியில் ராஜா ஓய்வு பெற்றார். மாலை போட்டோம், குத்துவிளக்கு கொடுத்தோம், அவர் அழுதார். மறுநாள் முதலாளி ஸ்டோர் பக்கம் வந்தவர், நின்றபடியே கேட்டார்: "ராஜா எடத்துல நீ உக்காந்துக்கிடுதியா சீனி?" நான் "சரிங்கய்யா" என்றேன். குரல் வந்ததா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை "சரிங்கய்யா" என்றேன். அவர் போன பிறகு நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தேன். உட்கார்ந்தேன். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் வைத்தேன். பின்னல் லேசாகத் தொய்ந்திருந்தது, ராஜாவின் உருவத்துக்கு. அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. சாயங்காலம் கத்தரிக்காயை மட்டுமல்ல, ஒரு சீப்பு மட்டிப்பழத்தையும் சொன்ன விலைக்கே வாங்கிப் போனேன். மாமனார் அன்றைக்கே ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார்.

இரண்டு சம்பள நாள் வந்து போயின. கவர் அதே கனத்தில்தான் இருந்தது. இதற்குள் எஸ்தர் இடத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார்கள். மீசை சரியாக முளைக்காதவன். கோயம்புத்தூருக்கு ஓடிவிடக் கூடாதே என்று எடுத்த எடுப்பிலேயே எஸ்தரை விட அதிகச் சம்பளம். நான் அவனுக்கு ஆபீசர். அவன் தருகிற ஆர்டர் தாள்களில் கையெழுத்துப் போடுவது என் வேலை. மூன்றாவது மாதம் துணிந்து முதலாளி அறைக் கதவைத் தட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்: "அய்யா, ராஜா சார் வாங்குன சம்பளம்..."

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். "நாற்காலி வேணுமான்னு கேட்டேன், வேணும்னே. அதோட என்ன ரேட்டுன்னு நீ ஒரு வார்த்தை கேக்கலையே! இத்தனை வருஷம் பர்ச்சேஸ்ல இருந்துட்டு வெல கேக்காமலா சரக்க எடுப்பே சீனி?"

வேலைக்குத்தான் ஊருக்கு ஊர் ஒரு சம்பளம், பொறாமையோ ராஜபாளையத்திலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் ஒரே ரேட்டில் கிடைக்கிற ஒரே சரக்கு, அதற்கு மூன்று கொட்டேஷன் கூடத் தேவையில்லை.